பிள்ளையைத் தொடாத பத்து மாதம்

மார்ச் 3, திங்கள்
சினேகா சிதம்பரத்துக்குப் போய் ஏழு மாதம். நாத்தனார் லோகநாயகி வீட்டில் இருக்கிறாள். நாலு வயதுப் பிள்ளை. வீடியோ காலில் கன்னத்தைக் காட்டினாள், போனுக்கு முத்தம் கொடுத்தேன். கொடுத்த கையோடு போனைத் துடைத்தேன். சனியன் பிடித்த கை.

மார்ச் 9
அவருக்கு சிப்காட்டில் வேலை. கல்யாணமான புதிதில் அவர் சட்டையைத் தனியாக ஊறப்போட்டு மூன்று தடவை அலசுவேன். "எம் மருமவ எவ்ளோ சுத்தம்!" என்று மாமியார் கடலூரில் எங்கள் செம்மண்டலம் முழுக்கப் பெருமை பேசினார். கெமிக்கல் கம்பெனிக்காரன் பொண்டாட்டி அப்படித்தான் இருக்கணும் என்று எல்லோருமே நினைத்தோம். நானும்தான். நான் கழுவிக் கழுவிப் பிள்ளையின் கையில் தோல் உரிந்து ரத்தம் வந்த அன்றுதான் இது சுத்தம் இல்லை என்று புரிந்தது. மறுநாளே அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். தப்பே இல்லை.

மார்ச் 18
சிதம்பரம் ஆஸ்பத்திரி. மனநல டாக்டர் பிரிசில்லா சொன்னார்: "மூளையில 'போதும்'னு நிறுத்துற வேலை உங்களுக்குச் சரியா நடக்கலம்மா. செரோடோனின்னு ஒரு ரசாயனம், அதுக்கும் இதுல பங்கு இருக்கலாம். முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

திமிர் இல்லை, பேய் இல்லை, பாவம் இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

"எம் பொண்ணுக்கும் வருமா?"

"வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வந்தே தீரும்னு இல்ல."

எங்கப்பா! அவர் பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போமே...

நாத்தனார் வீடு நாலு தெரு தள்ளித்தான். போகவில்லை. கடலூர் பஸ் ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 2
மாத்திரையால் வாய் உலர்கிறது. கூடவே பயிற்சி: செருப்பைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழுவாமல் இருக்கணும். மூன்றாவது நிமிடமே குழாய்க்கு ஓடினேன்.

மே 11
இருபது நிமிடம்!

"எம்மாடி! அப்ப புள்ளைய அழைச்சிட்டு வந்துரட்டா?" என்று அவர் கேட்டார்.

வேண்டாம் என்றேன். வேணும். வேணும்யா, அவ வேணும் எனக்கு.

ஜூன் 1, ஞாயிறு
வந்துவிட்டாள். உயரமாகியிருக்கிறாள். கேட் பக்கத்திலேயே நின்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

"மூணு வாட்டி கழுவிட்டேம்மா. தொடலாமா?"

ஐயோ. என் ரத்தத்தில் வந்ததா, நான் பழக்கினதா?

"போடி, அந்த மண்ணுல நல்லா வெளயாடிட்டு வா. அப்பதான் தூக்குவேன்."

அவர் குனிந்து அவள் செருப்பைக் கழற்றிவிட்டார்.

இப்போது மணி ஏழு. நைட்டியின் தோளில் ஐந்து விரல் மண் காய்ந்திருக்கிறது. மாற்றணும் போலத்தான் இருக்கிறது. மடியில் தூங்குகிறாள், எப்படி எழுந்திருக்க?