தம்பியின் தனிக் கச்சேரி

மூத்தவனுக்கு ஆத்தா சொல்லி எழுதுறது.

நீ சினிமாவுல வாசிக்கப் பட்டணம் போயி எட்டு மாசம். இங்கிட்டு எல்லாரும் சொகம். செவலைப் பசு கெடேரி போட்டிருக்கு, நெத்தியில வெள்ளை.

போன வாரம் இலுப்பூர் கோயில்ல ஒன் தம்பி மொதமொதலா நீ இல்லாம தனியா நாயனம் வாசிச்சான். பஸ்ஸு ஏறியெல்லாம் ஆளு வந்திருந்தாங்க. பக்கத்துல நீ நிக்கிற எடத்தைக் காலியா விட்டுட்டுத்தான் நின்னான். ஒரு வரி வாசிப்பான், சீவாளியை வாயிலேருந்து எடுத்துட்டு ஒன் பதிலுக்கு நிப்பான். தவுல்காரருதான் அந்த எடத்தை நெரப்புனாரு.

"புதுப் பாணியால்ல இருக்கு!"ன்னு பக்கத்துல ஒருத்தரு மெச்சிக்கிட்டாரு.

பங்குனித் திருவிழாவுக்குக் குளத்தூர்க்காரங்க வந்து கேட்டாங்க. "நோட்டீஸுல ஒரு பேரா, ரெண்டு பேரா?"ன்னாங்க. தம்பி, "ரெண்டு"ன்னுட்டான்.

அச்சாகி வந்திருச்சு. ஒன் பேருதான் மொதல்ல இருக்கு.

இப்படிக்கு,
ஒன் ஆத்தா