நாளைக்கு வாபஸ்

இன்று மதியம் ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் உன் தேதி சீல் கிடைத்தது. கூடவே ஸ்டாம்ப் பேடும் இருந்தது. மூடியைத் திறந்ததும் ஊதா மையின் வாடை அப்படியே வந்தது. உன் சுண்டுவிரலில் எப்போதும் ஒட்டியிருக்கும் கறை ஞாபகம் வந்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது எல்லாம் ஆன்லைனில் நடக்கிறது, சீலுக்கு வேலையில்லை. தூக்கிப் போட மனம் வராமல் என் மேசைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இந்த டெல்லிக் கல்லூரியின் கட்டணப் பிரிவில் நானும் நீயும் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சேர்ந்த பிள்ளைகளுக்கு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டால், ஜூலை ஆகஸ்டில் விலகல் படிவத்தோடு நம் கவுண்ட்டரில் வந்து நிற்பார்கள். குறித்த தேதிக்குள் படிவம் வந்தால் கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பும். ஒரு நாள் தள்ளினால் பாதிதான். எந்தத் தேதி என்பதற்குச் சீல்தான் சாட்சி. நீ படிவத்தைக் கையில் வாங்கியதும் சீல் குத்துவாய், அதன் பிறகுதான் படிப்பாய். நான் முதலில் படிப்பேன். போட்டோ இல்லை, கையெழுத்து இல்லை என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவேன். அதைச் சுத்தமான வேலை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குப் பாதி ஃபீஸ் போயிரும். சீல முதல்ல குத்து" என்பாய். நான் டெல்லியிலேயே பிறந்த தமிழ்க்காரி. உன் திருநெல்வேலித் தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டு என் வழியிலேயே போவேன்.

ஒரு வருடம் ஆடிக் கிருத்திகைக்கு நீ லீவு போட்டு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தாய். அன்றைக்குத்தான் கடைசித் தேதி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தர்மபுரிக்காரர் ஒருவர் வந்தார். மகளுக்கு ஊரிலேயே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். அது படிவத்தில் எழுதியிருந்தது. அவர் வாயிலிருந்து "வாபஸ், வாபஸ்" என்ற ஒரே சொல்தான் வந்தது. படிவத்தோடு பாஸ்புக் நகல் இல்லை. நான் வழக்கம்போல ஹிந்தியில், "பாஸ்புக் ஜெராக்ஸ் நஹீ ஹை. கல் வாபஸ் ஆனா" என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நாளை திரும்பி வா என்று அர்த்தம். அவர் முகம் மலர்ந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் நீ திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாய். அவரும் நகலோடு வந்தார். உன் தமிழைக் கேட்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "நேத்து இந்த அம்மாதாங்க நாளைக்கு வாபஸ் ஆயிடும்னு சொன்னாங்க" என்று என்னைக் காட்டினார்.

"நீ என்னட்டி சொன்ன?" என்று என்னைக் கேட்டாய். சொன்னேன். நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். கல் என்றால் நாளை என்று டெல்லிக்கு வந்த நாலு நாளில் அவர் பழகியிருந்தார். வாபஸ் நம் ஊரிலும் உள்ள சொல். வழக்கை வாபஸ் வாங்குவார்கள், மனுவை வாபஸ் வாங்குவார்கள். இரண்டையும் கூட்டி, நாளைக்கு வேலை முடிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டார். நாள்காட்டியைப் பார்த்ததும் உன் சிரிப்பு நின்றது. "அண்ணாச்சி, அவ திரும்பி வாங்கன்னுல்லா சொல்லியிருக்கா" என்றாய்.

"அப்ப பாதிப் பணம் போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஊர்க் கல்லூரியில் கட்ட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாராம்.

"தமிழ்க்காரர்னு தெரியலையாட்டி?" என்று நீ மெதுவாகக் கேட்டாய். தெரியவில்லை என்றேன்.

முன்தேதி போட்டுக் குத்த உனக்கு ஒரு நிமிடம் போதும். நீ அதைச் செய்யவில்லை. 'விண்ணப்பதாரர் கடைசி நாளிலேயே வந்தார். ஹிந்தியில் சொன்னதை அவர் தவறாகப் புரிந்துகொண்டது தெரியாமல் கவுண்ட்டரிலிருந்து போக விட்டுவிட்டோம்' என்று ஒரு குறிப்பு எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினாய். பதிவாளர் அறை வாசலில் சாயங்காலம் வரை நின்றாய். அவர் உள்ளே கூப்பிட்டு, முந்தைய நாள் தேதியையே ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். தர்மபுரிக்காரர் தப்பித்தார். பஸ்ஸுக்கு நடக்கும்போது, "தப்ப ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட எத்தன பேருக்கு மனசு வரும்? நீ நல்லவட்டி" என்றாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முதல் நாள் அவர் கவுண்ட்டரை விட்டு இரண்டடி தள்ளி நின்று மனைவிக்குப் போன் செய்தார். "இன்னிக்கே வந்ததா எடுத்துக்கிட்டாங்கம்மா. பாஸ்புக் நகல் மட்டும் குடுத்தா நாளைக்கு வாபஸ் ஆயிடுமாம், பயப்படாத" என்றார். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பதும் புரிந்தது. "ஐயா, ஒரு நிமிஷம்" என்றால் போதும். ஆனால் தமிழில் கூப்பிட்டால் உறவு கொண்டாடுவார், சலுகை கேட்பார், என் சாப்பாடு ஆறிப்போகும் என்று தோன்றியது. டிபன் டப்பாவைத் திறந்தேன். அன்றைக்குக் கத்திரிக்காய் சாதம்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "அந்த வாபஸ் அண்ணாச்சி ஞாபகம் இருக்காட்டி?" என்று சிரித்தாய். சொல்லியிருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் குறிப்பில் நீ எழுதிய எல்லாம் உண்மை, 'தெரியாமல்' என்ற ஒரு சொல்லைத் தவிர. அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. அந்த ஒரு சொல் இன்னும் என்னிடமே இருக்கிறது.

எழுதி முடித்துவிட்டேன், திரும்ப வாசிக்கவில்லை. பேடில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சீலில் இன்றைய தேதியைத் திருப்பி, நீ சொல்வதுபோல, வாசிப்பதற்கு முன்பே தாளின் மேலே குத்திவிட்டேன். கெடு தாண்டி வந்த விண்ணப்பம் இது. விதிப்படி எதுவும் திரும்பக் கிடைக்காது. தெரிந்துதான் கொடுக்கிறேன்.