வலிக்காத கை

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மட்டாஞ்சேரி வந்து சேரவே மத்தியானம் தாண்டிவிட்டது. இவருடைய கணையத்தில் இருக்கும் புற்றுக்கட்டியோடு மண்ணீரலையும் எடுக்கவேண்டுமாம். அது போனால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும். அதனால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகள். டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வாங்க: தெர்மாமீட்டர், முட்டை.

ஜூன் 10, செவ்வாய்
சுள்ளிக்கல்லிலிருந்து இவர் அக்கா ஃபோன். "இருக்கிற நோய் போதாதுன்னு ஊசி வேறயா? பக்கத்து வீட்டுச் சேச்சியும் வேண்டாம்னுதான் பறஞ்சா." அந்தச் சேச்சி வைத்திருப்பது பியூட்டி பார்லர். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு புளி கரைத்தேன்.

ஜூன் 11, புதன்
எனக்கு ஸ்கூலில் லீவு தரவில்லை. ஊசிக்குத் தனியாகவே போய் வருகிறேன் என்றார் இவர். சாயங்காலம் வந்து, "ஆச்சு, ரெண்டு கையிலயும் போட்டாங்க." நிம்மதி. மீன் வறுத்தேன்.

ஜூன் 12, வியாழன்
காலையில் பரணுக்கு எட்டிக் குடையை எடுத்தார். முகம் சுளிக்கவில்லை. முன்பு எனக்கு ஒரே ஊசிக்கு ஜாக்கெட் போடமுடியாமல் போனது. கையை அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை, ஊசித் தடமும் இல்லை.
"நேத்து எங்க போனீங்க?"
"கும்பளங்கிக்கு. சும்மா, காயல்ல மீன் வலை தூக்குறதைப் பாத்துட்டு இருந்தேன்."
கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.
"ஊசி போட்டா ஆபரேஷன் தேதி உறுதியாயிரும் லதா. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கலாம்னு தோணிச்சு."
என்ன மனுஷன். கட்டி இவரைக் கேட்டுக்கொண்டா வளர்கிறது? கோபம் தணியாமலே சாயா போட்டேன். இவருக்கும் சேர்த்து.

ஜூன் 13, வெள்ளி
லீவு சொல்லாமல் நானே கூட்டிப்போனேன். "எந்தா சேட்டா, புதன்கிழமை வரலையேன்னு பார்த்தோம்," என்றாள் நர்ஸ். இவர் என்னைப் பார்த்தார். மழை என்றேன். இவருக்காக நான் பொய் வேறு சொல்லவேண்டும். ஊசிகள் போட்டாயிற்று. ஆபரேஷன் தள்ளிப்போகிறது. "இனியும் தள்ளுனா நல்லதில்லை," என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார், ஏதோ நான் ஓடிப்போன மாதிரி.

ஜூன் 14, சனி
இவருக்கு லேசான காய்ச்சல். இரண்டு கையிலும் வீக்கம், சீப்பைத் தூக்கமுடியவில்லை. அக்கா ஃபோன்: "நான் அப்பவே பறஞ்சேனே." ஃபோனை இவர் காதில் வைத்தேன்.
"காய்ச்சல் வரும்னு சொல்லித்தான் விட்டாங்க அக்கா. ஜூலை ரெண்டாம் தேதி ஆபரேஷன். முன்னாடியே வந்துரு. லதா ஒத்தையில் கிடந்து அல்லாடுறா."
தேதியைத் தன் வாயால் சொல்கிறார்.
தலை வாரிவிடச் சொன்னார். எண்ணெய் தீர்ந்திருக்கிறது.