நாய்க்குப் பொறுப்பு நிற்பவன்

துலூஸ்
4 நவம்பர் 2024

அன்புள்ள அப்பப்பா,

நான் சுகம். முதலில் ஒன்று: குரல் பதிவு அனுப்பாதேங்கோ. நேற்று வந்தது பதினொரு நிமிடம். வேலையிடத்தில் அதைக் கேட்க முடியாது. எழுதுங்கோ, ஒரு நிமிடத்தில் வாசித்துவிடுவேன்.

இரண்டாவது. இன்று காலை வேலையில் கணினி சேர்வர் விழுந்து எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம், ஏதோ நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தா. 'உங்கள் அப்பப்பா அப்பம்மா, மடுத்தீன் தம்பதிக்கு ஏதும் நடந்தால் நாயைப் பொறுப்பெடுக்கப் போவது நீங்கள்தானே?' என்று கேட்டா. எந்த நாய்? என்ன பொறுப்பு? பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நாய் வேண்டாம். உங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. உங்களுக்கு முழங்கால் வருத்தம். அப்பம்மாவுக்குப் பூனையைக் கண்டாலே தும்மல். ஒருவரும் யோசிக்கவில்லையா?

றொனால்ட்

லா ஷப்பல், பரிஸ்
7 நவம்பர் 2024

அன்பு ராசா றொனால்ட்,

ஆண்டவர் புண்ணியத்தில் இரண்டு பேரும் நலம். உன் கடிதம், கரண்ட் காசு கட்டாதவனுக்கு வரும் இரண்டாவது எச்சரிக்கை மாதிரி இருந்தது. பரவாயில்லை, கடிதம் கடிதம்தான்.

கேட்காமல் உன் பெயரைக் கொடுத்தது என் பிழை. ஆர்ஜொந்தெய் பக்கம் இருக்கிறது அந்தக் காப்பகம். நான் எங்கள் ஆட்களின் வழக்கப்படிதான் போனேன்: வதிவிட அட்டை, கரண்ட் பில், வரிக் கடிதம், கலியாணச் சான்றும் அதன் மொழிபெயர்ப்பும், பங்குத்தந்தை தந்த நற்சான்று, எல்லாம் இரண்டு பிரதி. அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளை வாயைப் பிளந்தது. 'ஐயா, நாய்க்கு விசா தேவையில்லை' என்றது. பிறகு எங்கள் வயதைப் பார்த்துவிட்டு, இளம் ஆள் ஒருவர் பொறுப்பு நின்று கையெழுத்திட்டால்தான் தரலாம் என்றது. உன் பெயர்தான் வாயில் வந்தது. வருகிற 16ஆம் திகதி சனிக்கிழமை வரை நாயை எங்களுக்காக வைத்திருப்பார்கள். பிஸ்து என்று பெயர். ஒன்பது வயது. ஒரு காது மடிந்திருக்கும்.

ஏன் நாய் என்று கேட்பாய். உன் தாய் தகப்பன் இரவு பகலாக ரெஸ்டோரண்ட் வேலைக்குப் போக, நீ எங்களிடம் வளர்ந்த பத்தொன்பது வருடமும் உன்னை ஏசித்தான் நாங்கள் கதைத்தோம். 'உங்கட பேரன் சப்பாத்தை எங்கை கழட்டிப் போட்டிருக்கிறான் எண்டு வந்து பாருங்கோ' என்று அப்பம்மா தொடங்குவா. 'நீர்தானே செல்லம் குடுத்தனீர்' என்று நான் முடிப்பேன். இப்போது ஏச ஆளில்லை. அப்பம்மா என்னிடம் 'தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?' என்று மரியாதையாகக் கேட்கிறா. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னை வற்புறுத்தவில்லை. தும்மலுக்கு மருந்து வாங்கி வைத்தாகிவிட்டது. பக்கத்தில் நின்று அவ சொல்கிறா: 'எழுதுங்கோ, நாய் எண்டாலும் கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கும் எண்டு.'

முத்தங்களுடன்,
அப்பப்பா

துலூஸ்
12 நவம்பர் 2024

அப்பப்பா,

கையெழுத்துப் போட்டு இன்று காலையே அனுப்பிவிட்டேன். ஆனால் கேளுங்கோ. படியில் நாயைத் தூக்கக் கூடாது, அதற்கு நாலு கால் இருக்கிறது. கோழி எலும்பு கொடுக்கக் கூடாது. மீன் குழம்பும் கூடாது. இதை அப்பம்மாவுக்கு இரண்டு தரம் சொல்லுங்கோ.

ஒன்பது வயது என்றால் இன்னும் ஐந்து வருடம் இருக்கும். அந்த ஐந்து வருடமும் நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள். இது வேண்டுகோள் இல்லை.

நத்தார் பண்டிகைக்குப் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். வந்தால் காலையில் நாயை நான் கூட்டிப் போகிறேன்.

அனுப்புவதற்கு முன் அந்தக் காப்பகப் பெண்ணை நானே அழைத்தேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டா: 'இவர்களுக்கு வளர்த்த அனுபவம் ஏதும் இருக்கிறதா?'

'ஓம், என்னை வளர்த்தவை. நாலு வயசு வரைக்கும் நான் கடிக்கிறனான். ஒருநாளும் என்னைத் திருப்பிக் குடுக்கேல்லை' என்றேன்.

அவ சிரித்தா. நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

உங்கள்
றொனால்ட்