காஞ்சனாவுக்குப் பதினெட்டு ஆகும்வரை

மே 13, செவ்வாய்

இன்று ஒரு மாடு எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனது. பாலிங் ஊருக்குள் வரும் வளைவில், நடுரோட்டில் நின்றது. வேன் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். பிரேக்கை மிதித்த மிதியில் என் செருப்பே அறுந்துவிட்டது. மாடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக நகர்ந்தது. பின்னாலிருந்து, "ஆன்ட்டி, இன்னொரு தடவை!" என்று கைதட்டல்.

சிரித்துக்கொண்டேதான் பிள்ளைகளை இறக்கிவிட்டேன். திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் காஞ்சனா? பத்து வயதுதான். அவள் அப்பன் விக்கி என்னை விவாகரத்து செய்துவிட்டு ஜொகூர் போனவன். பிள்ளைக்கென்று ஒரு காசு அனுப்பியதில்லை.

ஆயுள் காப்புறுதி ஏஜென்ட் எவலினைக் கண்டால் வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவள் நான். இன்று நானே போன் போட்டேன். "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

மே 16, வெள்ளி

எவலின் வந்தாள். என் பெயரில் எடுக்கிறேன், நான் போனால் எல்லாம் காஞ்சனாவுக்கு என்றேன்.

"சரிக்கா. ஆனா அவளுக்குப் பதினெட்டு ஆகலையே. அதுவரைக்கும் அவளுக்காக வாங்கி வச்சிக்க ஒரு டிரஸ்டி வேணும்."

"போடலைன்னா?"

"பிள்ளையோட அப்பாதான்."

தேத்தண்ணி புரையேறியது. "அய்யோ சாமி! நான் செத்து, அந்தக் காசுல அவன் மோட்டார் வாங்கி ஓட்டவா? ஆவியா வந்து டயரைப் பஞ்சராக்குவேன், பாத்துக்க!" எவலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நம்பிக்கையான ஆளாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சொல்வது சுலபம்.

மே 17, சனி

புவனேசன் அண்ணனிடம் வாயைக் கொடுத்தேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? தாய்மாமன் நான் இருக்கேன்லா! காது குத்தினப்போ யாரு மடியில உட்கார்ந்தா?"

என் அண்ணன் தங்கம். ஆனால் காஞ்சனா கேட்டாள் என்று, கால் எட்டாத சைக்கிளை வாங்கி வந்தவர். அதற்காகத் தன் வீட்டு ஃபிரிட்ஜை விற்றவர்! எதிரே நிற்பவன் கண் கலங்கினால் போதும், சட்டைப்பை தானாகத் திறந்துவிடும். விக்கிக்கோ கண் கலங்குவது கைவந்த கலை.

"சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் நீளும் வாய் அப்போது எங்கே போச்சு?

மே 22, வியாழன்

எவலின் மெசேஜ்: "யோசிச்சாச்சா அக்கா?" பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மே 30, வெள்ளி

பள்ளி விடுமுறை. காஞ்சனாவைப் பண்டார் பாருவில் அவள் அத்தை வீட்டில் விட்டு வந்தேன். விக்கியின் அக்கா, பிரேமாவதி அண்ணி. பாசாரில் காய்கறி விற்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. இன்றும் அதேதான்: "இளைச்சுப் போயிருக்கா. சோறு போடுறியா, இல்லையா?" ஆனாலும் ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளையை அனுப்பச் சொல்லி அவரேதான் கூப்பிடுவார்.

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மனசுக்கு இதமாக இருந்தது.

ஜூன் 7, சனி

காஞ்சனாவை அழைத்து வந்தேன். வேனில் வாய் ஓயவில்லை.

"அம்மா, அப்பா வந்தாரு. அத்தைகிட்ட பஸ்ஸுக்குக் காசு கேட்டாரு."

"குடுத்தாங்களா?"

"சோறு போட்டாங்க. அப்புறம் கூடவே போயி டிக்கெட் வாங்கி, டிக்கெட்டைத்தான் குடுத்தாங்க. பஸ் கிளம்புற வரைக்கும் அங்கயே நின்னோம். அப்பா மூஞ்சியைப் பாக்கணுமே!"

வேனை ஓரமாக நிறுத்திச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது யாரைப் போடுவது என்று தெரிந்துவிட்டது. அண்ணியா? அந்த வாயிடமா போய் நிற்கப் போகிறேன்?

ஜூன் 13, வெள்ளி

போய்த்தான் நின்றேன். போனில்.

எல்லாம் கேட்டுவிட்டு, "இதுல எனக்கு என்ன கிடைக்கும்?" என்றார்.

"ஒண்ணும் கிடைக்காது அண்ணி."

"அப்ப சரி. நாளைக்கு எவனும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

"விக்கி கேட்டா…" வாயிலிருந்து வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவன் என் தம்பி. வந்தா சோறு போடுவேன். பிள்ளை காசு வேற." பட்டென்று வைத்துவிட்டார்.

சமையல்கட்டில் நின்று அழுதேன். துக்கம் இல்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷியோடா சண்டை போட்டேன்?

ஜூன் 14, சனி

அண்ணனிடம் சொன்னேன். முகம் தொங்கிவிட்டது. "என்னை நம்பலையா?"

"உன்னை நம்பாமலாண்ணே? விக்கி வந்து அழுதா நீ குடுத்துருவ."

தலையைச் சொறிந்தார். "போன மாசம்கூட அவனுக்கு அம்பது வெள்ளி காசு குடுத்தேன்மா. பாவமா இருந்துச்சு."

என் கையில் கரண்டி இருந்தது, தப்பித்து ஓடினார். வாசலில் நின்று அவரே சிரித்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

கையெழுத்து ஆயிற்று. அண்ணி கண்ணாடி போட்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். எவலினுக்கு வியர்த்தது. "இனி அண்ணி சம்மதம் இல்லாம நீங்களே இதை மாத்த முடியாதுக்கா" என்றாள். அண்ணி முகத்தில் ஒரு திருப்தி.

காஞ்சனா சும்மா இருப்பாளா? "அத்தை, நான் புது போன் கேட்டா?"

"இல்ல."

"காலேஜ் ஃபீஸ்?"

"ரசீது கொண்டா."

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி முறுக்கு இன்னும் டின்னில் இருக்கிறது. எனக்குத் தொட அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணி பஸ் ஏறி வந்துவிடுகிறார், கையில் பாகற்காயோடு. கிளினிக்கிற்கு இழுத்துப்போய் இரத்த அழுத்தம் பார்த்தாயிற்று. என் தேத்தண்ணியில் சீனி இல்லை. வேனின் டயர்கள் தேய்ந்துவிட்டன என்று அண்ணனை விரட்டி நாலையும் மாற்ற வைத்துவிட்டார்.

இன்று பொறுக்க முடியவில்லை. "என்னைக் கொஞ்சம் வாழ விடுங்க அண்ணி!"

"அதுக்குத்தானே வர்றேன்? அந்தக் காசை வாங்குற வேலை எனக்கு வரவே கூடாது. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகுற வரைக்கும் நீ இருந்தாகணும். அப்புறம் உன் இஷ்டம்."

"இன்னும் எட்டு வருஷம்மா" என்றாள் காஞ்சனா, முறுக்கைக் கடித்துக்கொண்டே.

சாயங்காலம் அண்ணியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வேனில் உட்கார்ந்தேன். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு கத்தல்: "பெல்ட்டு!" பாலிங் பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது.

போட்டுக்கொண்டேன்.