நாலு செருப்பும் ஒரு பியானோவும்

வெள்ளிமலை,
ஞாயிற்றுக்கிழமை.

லண்டனில் இருக்கும் அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அப்பா கண்ணுசாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். சாமை அறுப்பு முடிந்தது. இங்கே மழை ஜாஸ்தி. அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா?

தமிழ்வேந்தனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று நீ கேட்டதிலிருந்து நான் போனில் பேசவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்பதற்காக இல்லையம்மா. அங்கே ரயில்வே ஸ்டேஷனில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கும் பியானோவில் வாசிக்கும்போது பழக்கமானான் என்றாயே, அதுதான் உறுத்தியது. வருகிறவன் போகிறவனை நம்பிப் பெண் கொடுப்பார்களா என்று வீட்டில் கத்தினேன். உன் அம்மா விடவில்லை. "ரயிலே ஏறாத ஆளுக்கு இன்னா தெரியும்? ஏறிப் பாத்துட்டு அப்புறம் பேசு" என்று சின்னசேலத்துக்கு இழுத்துப்போனாள்.

சேலம் பாசஞ்சர் வந்தது. கூரை என்று ஒன்று இருந்தால் நம் ஊரில் செருப்போடு நுழைவோமா? இரண்டு பேரும் பிளாட்பாரத்திலேயே கழற்றிவிட்டு ஏறிவிட்டோம். வண்டி நகர்ந்த பிறகுதான் செருப்பு கீழேயே கிடப்பது உறைத்தது. எதிரே இருந்த பூக்காரம்மா ராணியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் தன் ஜன்னலோர இடத்தை உன் அம்மாவுக்குக் கொடுத்தாள்.

அடடா, ரயில் என்ன சுகம்! பஸ்ஸில் மலை இறங்கினால் குடல் வாய்க்கு வரும். இங்கே காலை நீட்டிப் புளிச்சோறு சாப்பிடுகிறோம், மலை தானாக நகர்கிறது. தடக் தடக் சத்தத்துக்கு என் கை தூக்குச்சட்டியில் தாளம் போட்டது. உன் அம்மா விதைப்புப் பாட்டை எடுத்தாள். ராணியம்மாள் காலிக் கூடையைத் தட்டினாள். பெட்டியே கை தட்டியது, போ! ஆத்தூரில் இறங்கும்போது "அண்ணே, வூட்டுக்கு வாங்க" என்றாள். வருகிறேன் என்றேன், மனசாரத்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே அப்படி என்றால், தினமும் ஒரே பியானோவில் சேர்ந்து வாசிக்கிற உங்களை என்ன சொல்ல?

சாயங்காலம் திரும்பி வந்து இறங்கினோம். நாலு செருப்பும் அங்கேயே இருந்தன. யாரோ மிதிபடாமல் சுவரோரம் ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள். "வரவன் போறவன்தான் எடுத்து வச்சிருக்கான், பாரு" என்றாள் உன் அம்மா. நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

தைக்கு இரண்டு பேரும் வாருங்கள். சென்னையிலிருந்து ரயிலிலேயே வாருங்கள். தமிழ்வேந்தனிடம் சொல்லி வை: ரயிலில் செருப்பைக் கழற்ற வேண்டாம். நம் வீட்டு வாசலில் கழற்றினால் போதும். உன் செருப்போடு நானே சேர்த்து வைக்கிறேன்.

நல்லா இருங்கள் இரண்டு பேரும்.

அப்பா