சின்னதாக ஒன்று

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. துறைமுக வீதி முழுக்கப் புழுதி. அக்காவுக்கு மத்தியானம் கஞ்சி, இரண்டு கரண்டி. அதற்கு மேல் ஏலாது என்றாள்.

நாவல் முடிந்தது. நான்கு பாகம். புற்றுநோய் என்று தெரிந்த கிழமை அவளுக்கு வாசித்துக்காட்டத் தொடங்கியது. கடைசிப் பக்கத்தில் மாலுமியின் மனைவி எரிந்த கோட்டைக்குள் தனியாக நடந்து போகிறாள். அக்கா கண்ணை மூடியபடி, "இப்பிடியும் ஒருத்தனுக்கு எழுத வருமே" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

இனி என்ன?

ஜூலை 9, புதன்

வேலை முடிந்து நேரே நூலகம். நூலகர்: "அதுக்குப் பிறகு எதை எடுத்தாலும் சப்பெண்டுதான் இருக்கும், தங்கச்சி." அலுமாரி அலுமாரியாகத் தேடினேன். துப்பறியும் கதை, பயணக் கதை, சிறுகதைகள். மூன்றையும் எடுத்து வந்தேன்.

துப்பறியும் கதை நாலு பக்கம். "வேண்டாம்." பயணம் ஒரு பக்கம். "வேண்டாம்." சிறுகதை தலைப்போடு சரி.

இரவுச் சாப்பாடும் வேண்டாமாம். அத்தான் குசினியில் பைப்பைத் திறந்துவிட்டு அழுகிறார். பெண்சாதிக்கும் எனக்கும் கேட்காதென்று நினைப்பு.

ஜூலை 11, வெள்ளி

கிளினிக். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். எழுத ஏலாது.

திரும்பவும் நூலகம். மூன்று பாகத்தில் ஒரு சரித்திர நாவல். அங்கே இருந்ததில் தடித்தது. வேண்டுமென்றேதான்.

அக்கா புத்தகங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சின்னதா ஒண்டு எடுத்திருக்கலாமே."

"ஏன் அக்கா?"

"முடிக்காமப் போனா? நடுவில விட்டிட்டுப் போக ஏலாதடி."

வாசலுக்கு வந்து நின்றேன். எங்கேயோ கப்பல் ஊதியது. சத்தமாகக் கத்த வேண்டும் போல இருந்தது. உடுப்பு காய்ந்திருந்தது, எடுத்து மடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காற்றே இல்லை. வெக்கை. அக்கா தானாகவே கூப்பிட்டாள்.

"மூண்டாம் பாகத்தை எடு. கடைசி அத்தியாயத்தை முதல்ல வாசி. முடிவு தெரிஞ்சா பிறகென்ன பயம்."

வாசித்தேன். ஒரு கிழவன் ஒரு பெண்ணின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான். அவள் பேசாமல் கதவைச் சாத்துகிறாள். முற்றும்.

"ஆர் இவன்?"

"தெரியாது."

"அவளுக்கு என்ன செய்தவன்?"

"தெரியாது, அக்கா."

என் பக்கம் திரும்பினாள்.

"சரி, முதலாம் பாகத்தை எடு."

தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் நித்திரையாகிவிட்டாள். நான் நிறுத்தவில்லை.